வாசகர் கேள்வி – பதில்: அச்சுக்குப் போகும் முன்

கிண்ணத்துக்குள் உருண்டை சுழலும்படி மூட்டுகளை அமைத்து, உள்ளே எலாஸ்டிக் கோத்துப் பாகங்களை இணைக்கும் பந்துக்கிண்ண மூட்டுப் பொம்மைகளைக் கையால் செய்வது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கட்டத்தைச் சுற்றியே இருந்தன. களிமண்ணில் உருவம் வந்துவிட்டது. இனி சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்து, ஊற்றினால் இறுகும் நெகிழியான ரெசினில் வார்க்க வேண்டும். அதற்கு முன் என்ன செய்வது, எதுவரை செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகவே இம்முறை அந்த இடைக்கட்டத்தைத் தவிர வேறெதையும் எடுத்துக்கொள்ளவில்லை. கேள்விகளைச் சற்றே சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: கல்தூள் கலந்த களிமண்ணில் 42 செ.மீ. உயரப் பொம்மை ஒன்றைச் செய்து வருகிறேன். படுக்கையறையில் குளிர்சாதனத்துக்கு எதிரே வைத்து உலர்த்தினேன். மறுநாள் காலையில் இரண்டு தொடைகளிலும் நீளவாக்கில் வெடிப்பு விட்டிருந்தது. மண் சரியில்லையா, நான் செய்த விதம் சரியில்லையா? – வாசகி, பொங்கோல்

பதில்: மண்ணிலும் குறையில்லை, உங்கள் கையிலும் குறையில்லை. உலர்த்திய இடம்தான் பொருந்தவில்லை. இவ்வகைக் களிமண்ணில் உள்ள நீர் முதலில் மேற்பரப்பிலிருந்துதான் வெளியேறும். நீர் போன பகுதி சுருங்கும். உள்ளே ஈரத்தோடு இருக்கும் பகுதி சுருங்காமல் நிற்கும். சுருங்கப் பார்க்கும் மேல்தோலுக்கும் இடம் கொடுக்காத உட்பகுதிக்கும் நடுவே ஏற்படும் இழுபறியில் மேல்தோல் பிளக்கிறது. குளிர்சாதனம் ஈரம் நீங்கிய காற்றை ஒரே பக்கத்தில் வீசிக்கொண்டே இருப்பதால் இந்த இழுபறி ஓரிரவிலேயே முற்றிவிடுகிறது.

நம் ஊரின் புழுக்கத்தை எல்லாரும் குறை சொல்கிறோம். ஆனால் களிமண் வேலைக்கு, முதல் இரண்டு நாட்களுக்கேனும், அது உதவியாகவே அமைகிறது. சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் ஏறக்குறைய 82 விழுக்காடு. விடியற்காலையில் அது 90 விழுக்காட்டைத் தாண்டுவதும், மழையில்லாத பிற்பகல்களில் 60ஐ ஒட்டி இறங்குவதும் வழக்கம். சாதாரண அறைக் காற்றில், கேக் ஆறவைக்கும் கம்பித்தட்டின் மேல் பாகங்களைப் பரப்பி, மேலே ஒரு துணியைத் தளர்வாகப் போர்த்தி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி வையுங்கள். மின்விசிறியின் காற்று நேராகப் பட வேண்டாம். மேற்பரப்பு இறுகிய பிறகு, மூன்றாம் நாளிலிருந்து, குளிர்சாதன அறைக்கோ புகைப்படக் கருவிகள் வைக்கும் உலர்பெட்டிக்கோ மாற்றலாம்.

காய்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். பாகத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். அது சில்லென்று இருந்தால் உள்ளேயிருந்து நீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதைவிட உறுதியான வழி சமையலறைத் தராசு. தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டுக் குறித்துவாருங்கள்; அடுத்தடுத்த இரண்டு நாட்களில் எடை மாறாமல் நின்றால்தான் அது காய்ந்த பாகம். ஈரத்தை உள்ளே வைத்தபடி மேலே பூச்சு அடித்துவிட்டால், பிறகு அது வெடிக்கும், அல்லது பூச்சுக்கு அடியில் பூசணம் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த இரண்டாவது தொல்லை அதிகம்.

இப்போதுள்ள வெடிப்பை மூட, அதன் இரு கரைகளையும் கத்திமுனையால் சற்று அகலமாக்கி, நீர் தடவி, அதே மண்ணை நீரில் குழைத்த குழம்பை உள்ளே அழுத்தி, அதன் மேல் கெட்டி மண்ணை வையுங்கள். மேலோட்டமாகப் பூசினால் அதே கோட்டில் மறுபடியும் பிளக்கும். அடுத்த பொம்மைக்கு, உள்ளே வைக்கும் ஸ்டைரோஃபோம் கருவைச் சுற்றி மண்ணின் கனம் எங்கும் ஒரே அளவாக, சுமார் 5 மி.மீ. இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் 3, ஓரிடத்தில் 12 என்றிருந்தால் வெடிப்பு எந்த இடத்தில் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இன்னொன்றையும் இப்போதே செய்துவிடுங்கள். அதே மண்ணில் 10 செ.மீ. நீளப் பட்டை ஒன்றைச் செய்து, முழுக்கக் காய்ந்ததும் அளந்து பாருங்கள். அது 9.6 செ.மீ.க்கு வந்திருந்தால் உங்கள் மண் 4 விழுக்காடு சுருங்குகிறது. வரைபடத்தை அந்த அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டு தொடங்க வேண்டும். சுருக்கத்தை விரும்பாதவர்கள் அடுப்பில் சுடும் பாலிமர் களிமண்ணையோ, இரண்டு பொருள்களைக் கலந்து இறுக வைக்கும் எபாக்சி மண்ணையோ நாடலாம். பாலிமர் மண்ணைச் சுமார் 130 டிகிரி செல்சியசில் சுட வேண்டியிருப்பதால், உள்ளே ஸ்டைரோஃபோம் வைக்கக் கூடாது. கசக்கிய அலுமினியத் தாள்தான் அதற்கேற்ற கரு. எபாக்சி மண்ணை எப்போதும் கையுறை அணிந்தே தொடுங்கள்.

கேள்வி: இது ஜப்பானியக் கலை என்கிறார்கள், ஜெர்மானியக் கலை என்றும் சொல்கிறார்கள். எது சரி? – மாணவர், உட்லண்ட்ஸ்

பதில்: இரண்டுக்கும் பங்குண்டு. 16ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய நிலத்தில் உருண்டை மூட்டு வைத்த சிறு மர உருவங்கள் செதுக்கப்பட்டன. 1930களில் ஹான்ஸ் பெல்மர் என்ற ஜெர்மானியக் கலைஞர், அத்தகைய உருவங்களைப் பெர்லின் அருங்காட்சியகத்தில் பார்த்த பிறகு, தம் பொம்மைக்கு உருண்டை மூட்டுகளை அமைத்தார். அவருடைய படங்களைக் கண்டு 1960களில் ஜப்பானில் சிமோன் யோட்சுயா இத்துறைக்குள் வந்தார். அவருக்குப் பின் ஜப்பானில் கல்தூள் களிமண்ணில் ஒவ்வொன்றாகச் செய்யும் மரபு ஒன்று வளர்ந்தது. 1999இல் ஜப்பானின் வோக்ஸ் நிறுவனம் ரெசினில் வார்த்த சூப்பர் டால்ஃபி என்ற பொம்மையை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகே இன்று நாம் காணும் வார்ப்புப் பொம்மைகள் பரவின.

கேள்வி: என் பொம்மையை எலாஸ்டிக் கோத்து நிறுத்தினால் நிற்கிறது. உட்கார வைத்தால் கால்கள் இரண்டும் உதறிக்கொண்டு நேராகிவிடுகின்றன. முழங்காலும் பாதிக்கு மேல் மடங்கவில்லை. முகம் மிக நன்றாக வந்திருப்பதால் உடனே அச்செடுக்க ஆசை. மூட்டுகளை வார்த்த பிறகு சரிசெய்துகொள்ளலாமா? – வாசகி, தெம்பனிஸ்

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். களிமண்ணில் ஒரு மாலைப் பொழுதில் தீரும் பிழையை, ரெசினில் ஒவ்வொரு பிரதியிலும் அரத்தை வைத்துத் தேய்த்துத் தீர்க்க வேண்டிவரும். பத்துப் பொம்மை வார்த்தால் இருபது முழங்கால்கள். முகத்துக்கு மூன்று மாதம் கொடுப்பவர்கள் மூட்டுக்கு மூன்று நாள் கொடுப்பதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். உண்மையில் மூட்டுகளுக்குத்தான் கூடுதல் நாட்கள் தேவை.

முதலில் உருண்டையைப் பாருங்கள். உள்ளங்கையில் உருட்டிய மண் உருண்டை ஒருபோதும் முழு உருண்டையாக வராது. எங்கோ சற்றுத் தட்டையாக இருக்கும், அந்தத் தட்டை கிண்ணத்துக்குள் வரும்போதெல்லாம் மூட்டு நழுவும். ஆகவே கடையில் கிடைக்கும் மரமணி அல்லது நெகிழி உருண்டையை அப்படியே பதியுங்கள். மண்ணில்தான் செய்வேன் என்றால், கெட்டி அட்டையில் அதே விட்டத்துக்கு அரைவட்டம் ஒன்றை வெட்டி நீக்கி, எஞ்சிய அட்டையின் உள்வளைவை உருண்டையின் மேல் எல்லாத் திசையிலும் வைத்து, விளக்குக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். அட்டைக்கும் உருண்டைக்கும் இடையில் வெளிச்சம் கசியும் இடம் பள்ளம். அட்டை தடுக்கும் இடம் மேடு.

கிண்ணத்தை உருண்டையைக் கொண்டே செய்ய வேண்டும். உருண்டையில் வாசலினை மெல்லிதாகத் தடவி, தொடையின் முனையில் வைத்த ஈரமண்ணில் அதை அழுத்துங்கள். மண் காயும்போது சுருங்கி உருண்டையை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதால், பாதி இறுகியதும் சுழற்றி எடுத்துவிடுங்கள். கிண்ணம் உருண்டையின் பாதிக்கும் குறைவாகவே மூட வேண்டும். பாதியைத் தாண்டினால் மூட்டு அசைய இடமிருக்காது, அச்சிலிருந்தும் எளிதில் விடுபடாது. காய்ந்த பிறகு அதைவிடச் சற்றே சிறிய இன்னொரு உருண்டையில் உப்புத்தாளைச் சிறு துண்டுகளாக ஒட்டி, அதைக் கிண்ணத்துக்குள் வைத்துச் சுழற்றித் தேயுங்கள். உப்புத்தாளின் கனமும் சேர்ந்தால் அது சரியான விட்டத்துக்கு வந்துவிடும்.

இப்போது மென்மையான பென்சிலால் உருண்டை முழுவதையும் கருமையாக்கி, கிண்ணத்தில் வைத்து இரண்டு சுற்றுச் சுற்றி எடுங்கள். கிண்ணத்தின் உள்ளே ஒரே ஓரத்தில் மட்டும் பிறைநிலாப் போலக் கருப்பு ஒட்டியிருக்கும். உருண்டை அந்த ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. மற்ற இடங்களில் காற்றில் நிற்கிறது. அந்தப் பிறையை மட்டும் தேய்த்து, மறுபடி கருமை பூசி, மறுபடி சுற்றுங்கள். ஏழெட்டு முறை செய்தபின் கருப்பு ஒரு முழு வளையமாக, எங்கும் ஒரே சாம்பல் நிறத்தில் படியும். அந்த வளையத்தைப் பார்த்த பிறகே அடுத்த மூட்டுக்குப் போங்கள்.

இனி உங்கள் கால்கள் உதறுவதற்கான காரணத்துக்கு வருகிறேன். எலாஸ்டிக் எப்போதும் மிகக் குறுகிய வழியையே தேடும். காலை மடக்கும்போது எலாஸ்டிக் வழிமாறிச் செல்ல இடம் இல்லையென்றால், அது உருண்டையின் மேல் ஏறி நீண்டு, காலைப் பழைய நிலைக்கே இழுத்துவிடும். அதற்காகத்தான் உருண்டையில் நீள்துளை வெட்டுகிறோம். அந்தத் துளை மூட்டு மடங்கும் உட்பக்கத்தை நோக்கி நீள வேண்டும். முழங்காலில் அது பின்புறம், கெண்டைக்காலின் பக்கம். முழங்கையில் முன்புறம். இடுப்பில், தொடை முன்னோக்கி உயர்வதால், முன்புறம். நீங்கள் அனுப்பிய படத்தில் முழங்கால் துளை உச்சியோடு நின்றுவிடுகிறது. அதைப் பின்புறமாக, கால் முழுக்க மடங்கும்போது எலாஸ்டிக் எங்கே வந்து நிற்குமோ அதுவரை நீட்டுங்கள். துளையின் முடிவில் சிறிது அகலமான பள்ளம் ஒன்றைக் குடைந்துவிட்டால், எலாஸ்டிக் அதில் இறங்கி நிற்கும். மடக்கிய கால் மடங்கியபடியே இருக்கும்.

இடுப்பில் இன்னொரு தடையும் இருக்கிறது. தொடையின் மேல்விளிம்பு அடிவயிற்றில் முட்டுவதால் கால்கள் பக்கவாட்டில் விரிகின்றன. பொம்மையை உட்காரும் நிலையில் பிடித்து, முட்டும் இடத்தைப் பென்சிலால் குறித்து, இடுப்புப் பாகத்தின் விளிம்பைச் சாய்வாகச் செதுக்குங்கள். தொடையில் இருந்து எடுக்காதீர்கள், நிற்கும்போது இடைவெளி தெரியும்.

எலாஸ்டிக் செல்லும் உள்வழி தாராளமாக இருக்கட்டும். 3 மி.மீ. எலாஸ்டிக்கை இரட்டையாகக் கோக்க 7 அல்லது 8 மி.மீ. வழி வேண்டும். விளிம்புகளின் கனம் 3 மி.மீ.க்குக் குறைந்தால் ரெசினிலும் உடையும். களிமண் நிலையில் கோத்துப் பார்க்கும்போது மெல்லிய எலாஸ்டிக்கையே பயன்படுத்துங்கள். இறுக்கமானதைக் கோத்தால் கிண்ணத்தின் விளிம்பு பெயர்ந்துவிடும். இறுதியாக, மேலே அடிக்கப்போகும் பூச்சுகளும் உருண்டையைப் பருமனாக்கும் என்பதால், இப்போது மூட்டு ஒரு நூலிழை தளர்வாக இருப்பதே சரி.

கேள்வி: என் தகப்பனார் மதுரை விளாச்சேரியில் கொலு பொம்மை செய்தவர். நானும் சிறுவயதில் உதவியிருக்கிறேன். காகிதக்கூழில் மூலப் பொம்மை செய்து, அதிலிருந்து ரெசின் வார்க்கலாமா? – வாசகர், தோ பாயோ

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. அச்சு, அச்சின் இரு பாதிகள் பிரியும் பிரிகோடு, இரு பாதிகளை ஒட்டுதல் ஆகியவையெல்லாம் உங்களுக்குப் புதிதல்ல. ஒரே ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்ல விரும்புகிறேன். கொலு பொம்மை அச்சிலிருந்து வந்த பிறகு, அதன் ஒட்டுவரியைக் கையால் வழித்து, வெள்ளைப் பூச்சு பூசி, அதன் மேல் வண்ணம் தீட்டுகிறோம். அச்சில் இருந்த சிறு குறைகளை அந்தப் பூச்சு மூடிவிடும். ரெசின் பொம்மைக்கு அந்தப் போர்வை கிடையாது. தோலின் நிறம் ரெசினிலேயே கலந்து வருகிறது. அச்சு கொடுத்த பரப்பே அதன் தோல். காகிதக்கூழின் நார்கள் தேய்க்கத் தேய்க்கப் பஞ்சுபோல எழும்பும். அந்தப் பஞ்சையும் சிலிக்கோன் அப்படியே பதிவுசெய்யும். எனவே உள்ளுருவத்தைக் காகிதக்கூழில் கட்டி, மேலே சில மில்லிமீட்டருக்குக் கல்தூள் மண்ணையோ எபாக்சி மண்ணையோ போர்த்துங்கள். உடலளவுகளுக்கு உங்கள் தகப்பனார் பின்பற்றியிருக்கக்கூடிய தாலக் கணக்கே இங்கும் உதவும். முகத்தின் நீளத்தை ஓர் அளவாகக் கொண்டு உடலைப் பகுப்பது எந்த நாட்டுப் பொம்மைக்கும் பொருந்தும். குழந்தை உருவுக்குத் தாலங்களின் எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான்.

கேள்வி: கண்குழியை எப்படிச் செய்வது? கண்ணாடிக் கண்ணை வைத்தால் சுற்றிலும் இடைவெளி தெரிகிறது. – வாசகி, ஈசூன்

பதில்: கண்ணின் வெளிவடிவத்தை முன்னாலிருந்து மட்டும் வெட்டியிருக்கிறீர்கள், இடைவெளி அதனால்தான். தலையின் மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்தும் குடைய வேண்டும். 14 மி.மீ. கண் வைக்கப் போகிறீர்கள் என்றால், அதைவிடச் சற்றே பெரிய உருண்டையில் உப்புத்தாள் ஒட்டி, இமையின் பின்புறத்தை உருண்டைக் குழியாகத் தேயுங்கள். இமையின் விளிம்பு மெலிந்து, கண்ணின் வளைவோடு ஒட்டி உட்காரும். 1 மி.மீ.க்கும் மெலியவிடாதீர்கள், வார்ப்பின்போது அங்கே ரெசின் சரியாகப் போய்ச் சேராது. குழியை ஆழமாகவும் தாராளமாகவும் விட்டால் கண்ணை இடவலமாகத் திருப்பி வைக்க முடியும்.

தலைமூடியை முகம் முடிவதற்கு முன்பே வெட்டிவிடுங்கள். மெல்லிய வாளால் வெட்டும்போது அந்த வாளின் கனம் அளவுக்கு மண் குறைந்துவிடும். அதை ஈடுசெய்ய வெட்டுமுகத்தில் மண் சேர்த்துத் தேய்க்க வேண்டியிருக்கும். காந்தம் வைக்கும் குழிகளையும் இப்போதே குடைந்து வைத்தால் ஒவ்வொரு பிரதியிலும் துளைபோட வேண்டியதில்லை. இடக்கண்ணும் வலக்கண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க, கைப்பேசியில் படமெடுத்து இடவலமாகப் புரட்டுங்கள். பழகிய கண்ணுக்குத் தெரியாத கோணல் அந்தப் படத்தில் உடனே தெரியும்.

கேள்வி: எதுவரை தேய்ப்பது? 400 எண் உப்புத்தாளோடு நிறுத்திவிட்டேன். தொட்டால் வழவழப்பாகத்தான் இருக்கிறது. – வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: விரல் வழவழப்பு என்று சொல்வதை நம்பாதீர்கள். சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயில் கோபுரத்தில் உள்ள சுதைச் சிற்பங்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்காகச் செய்யப்பட்டவை. அந்தத் தொலைவுக்கு ஏற்ற ஆழமும் அழுத்தமும் அவற்றில் உண்டு. உங்கள் பொம்மையை வாங்குபவர் அதை மடியில் வைத்து, ஒரு சாண் தூரத்தில் பார்ப்பார்.

வழி இதுதான். 240இல் வடிவத்தைச் சீராக்கி, 400இல் அதன் கீறல்களை நீக்கி, சாம்பல் நிறப் பிரைமரை (அடிப்பூச்சை) மெல்லிதாக ஒரு பூச்சு அடியுங்கள். களிமண்ணின் நிறம் இடத்துக்கு இடம் மாறுவதால் அதில் குறை தெரியாது. ஒரே சாம்பல் நிறமாக ஆனதும் எல்லாம் வெளியே வரும். அறைவிளக்கை அணைத்துவிட்டு, ஒரு சிறு டார்ச்சைப் பரப்புக்கு இணையாகப் படுக்கவைத்து ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். அண்மையில் நான் முடித்த ஒரு தலையில், முழுமையாகத் தேய்த்துவிட்டேன் என்று நிச்சயமாக நம்பிய தாடையின் அடியில், என் கட்டைவிரல் ரேகை வரிவரியாகத் தெரிந்தது. காதுமடலின் பின்னே கருவி பட்ட மூன்று கோடுகள். மூக்கின் இடப்பக்கத்தில் ஊசிமுனை அளவு குழி. மேசையில் அந்தத் தலையோடு அன்றிரவு முழுவதும் உட்கார்ந்திருந்தேன்.

குழிகளைப் புட்டிப் பசையாலோ கெட்டியான பிரைமராலோ நிரப்பி, காய்ந்ததும் 600இல் நீர் விட்டுத் தேய்த்து, மறுபடி பிரைமர் அடித்து, மறுபடி டார்ச். குறை தெரியாத வரை இந்தச் சுற்றைத் தொடர வேண்டும். நான்கைந்து சுற்று ஆவது இயல்பு. இறுதியில் 800 அல்லது 1000. அதற்கு மேல் மெருகேற்ற வேண்டாம். மூலப் பொம்மை பளபளத்தால் அச்சும் பளபளக்கும், அச்சு பளபளத்தால் ரெசினும் பளபளக்கும். தோலுக்கு அந்தப் பளபளப்பு பொருந்தாது. ஒன்றைக் கவனியுங்கள்: பிரைமர் அடிக்காத வெறுங்களிமண்ணை நீர்விட்டுத் தேய்க்கக் கூடாது, அது கரையும். விரலிடுக்கு, காது, உதட்டோரம் ஆகிய இடங்களுக்கு உப்புத்தாளை மெல்லிய குச்சியில் ஒட்டிக்கொள்ளுங்கள். இமைமடிப்பும் உதட்டுக்கோடும் பிரைமர் அடிக்க அடிக்க மழுங்கும் என்பதால், முதலிலேயே அவற்றைத் தேவைக்குச் சற்று ஆழமாகக் கீறி வையுங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இதைச் செய்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். கல்தூள் களிமண்ணின் தூசு நுரையீரலுக்கு ஆகாது; புகைமூட்டக் காலத்தில் வாங்கி வைத்த என்95 முகக்கவசம் இருந்தால் அதை அணிந்து தேயுங்கள், தூசியை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். ஆனால் அந்தக் கவசம் பிரைமரின் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிம ஆவி வடிகட்டி பொருத்திய கவசமே வேண்டும். பொது நடைபாதையில் நின்று தெளிக்காதீர்கள், அது அண்டைவீட்டாருக்கும் தொல்லை. தூரிகையால் பூசும் குப்பிப் பிரைமர் உண்டு, பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பக்கம் ஓவியப் பொருள் கடைகளிலும் பொம்மைமாதிரிக் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். தெளிப்பான்தான் வேண்டுமென்றால், மழையில்லாத பிற்பகலில் தெளியுங்கள். ஈரக்காற்றில் தெளித்த பூச்சு வெண்மையாகப் பூத்துவிடும்.

கேள்வி: அச்செடுக்க ஊற்றிய சிலிக்கோன் இரண்டு நாளாகியும் பொம்மையை ஒட்டிய இடத்தில் பிசுபிசுவென்றே இருக்கிறது. வெளிப்புறம் மட்டும் இறுகிவிட்டது. – வாசகி, செங்காங்

பதில்: இதே இழப்பை நானும் அனுபவித்திருக்கிறேன் என்பதால் உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. பிளாட்டினம் வகைச் சிலிக்கோன், அதாவது பிளாட்டினச் சேர்மத்தால் இறுக வைக்கப்படுவது, கந்தகம் பட்டால் இறுகாது. நான் முதலில் செய்த பொம்மைக் கையின் அச்சுக்கு, ஒரு பாதியை அச்செடுக்கும்போது மறுபாதியைப் புதைத்து வைக்கச் சாதாரண எண்ணெய்க் களிமண்ணைப் பயன்படுத்தினேன். அதில் கந்தகம் கலந்திருந்தது. ஐந்து விரல்களைச் சுற்றியும் பசைபோல நின்ற சிலிக்கோனைப் பஞ்சால் துடைத்து எடுத்தபோது சுண்டுவிரல் ஒடிந்துவிட்டது.

கந்தகம் மட்டுமல்ல, வெள்ளீயச் சேர்மங்கள், சிலவகை எபாக்சிகள், முழுவதும் இறுகாத முப்பரிமாண அச்சு ரெசின் ஆகியவையும் அதைத் தடுக்கும். ரப்பர் பாலில் செய்த கையுறையிலும் கந்தகம் உண்டு. கலக்கும்போது வினைல் கையுறை அணியுங்கள். கந்தகமில்லாதது என்று குறிப்பிட்ட எண்ணெய்க் களிமண்ணையே வாங்குங்கள். பொம்மையின் மேல் அக்ரிலிக் காப்புப்பூச்சை இரண்டு மூன்று முறை மெல்லிதாக அடித்து, முழுக்கக் காயவிடுங்கள். அது மண்ணின் நுண்துளைகளையும் அடைத்துவிடும். இல்லையென்றால் துளைகளுக்குள் இருக்கும் காற்று சிலிக்கோனில் குமிழிகளாக வரும், சிலிக்கோன் மண்ணையே பற்றிக்கொள்ளவும் கூடும். எல்லாவற்றுக்கும் முன், அதே மண், அதே பிரைமர், அதே காப்புப்பூச்சு இட்ட ஒரு வீண்துண்டில் ஒரு கரண்டி சிலிக்கோனை ஊற்றிப் பாருங்கள். ஓரிரவு காத்திருப்பது பெரிய விலையல்ல. வெள்ளீய வகைச் சிலிக்கோன் இவ்வளவு கூச்சப்படாது. ஆனால் நாள்பட அதன் அச்சு சுருங்கும், மூட்டு வைத்த பொம்மையில் அந்தச் சுருக்கம் வலிக்கும்.

கேள்வி: கடையில் வாங்கிய பொம்மையின் கைகள் மிக அழகாக உள்ளன. அவற்றை மட்டும் அச்செடுத்து என் பொம்மைக்கு வைக்கலாமா? – வாசகர், சுவா சூ காங்

பதில்: கூடாது. அது இன்னொருவரின் உழைப்பு, அவருடைய உரிமை. உங்கள் இடக்கையை மேசைமேல் வைத்து, பார்த்துப் பார்த்து ஐந்து கைகள் செய்யுங்கள். ஐந்தாவது கை உங்களுக்கே பிடித்துவிடும்.

கேள்வி: பொம்மையை வார்ப்பவரிடம் அடுத்த வாரம் ஒப்படைக்கிறேன். பிரிகோட்டை அவரே பார்த்துக்கொள்வார் அல்லவா? வேறு எதைச் சரிபார்க்க வேண்டும்? – வாசகி, அங் மோ கியோ

பதில்: நல்ல வார்ப்பாளர் பார்த்துக்கொள்வார், ஆனாலும் ஒட்டுவரி எங்கே விழவேண்டும் என்பதை நீங்களே முடிவுசெய்து, மென்பென்சிலால் மெல்லக் கோடு போட்டு, படமும் எடுத்துக் கொடுங்கள். உங்கள் பொம்மையில் எந்த இடத்தை விரல் அடிக்கடி தடவும், எந்த இடத்தில் ஒளி விழும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒரு பாகத்தைக் கிடத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர் மேலிருந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரிவதற்கும் மறைவதற்கும் நடுவிலுள்ள எல்லையே இயல்பான பிரிகோடு. கை கால்களில் அது பக்கவாட்டில் ஓடும். தலையில் காதுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். கன்னத்தின் குறுக்கே ஒருபோதும் வேண்டாம். சிலிக்கோன் வளைந்து கொடுக்கும் என்பதால் சிறு உட்குடைவுகள் தொந்தரவு தராது. ஆனால் மூக்குத்துளையையும் காதின் உட்குழியையும் ஆழமாகக் குடைந்திருந்தால், அங்கே காற்று சிக்கும். அடியைச் சற்று மண்ணால் மேடாக்கிவிடுங்கள். விரல்நுனிகளுக்கும் இதே சிக்கல் உண்டு. இரண்டு விரல்களை ஒன்றோடொன்று தொட்டபடி செய்திருந்தால் காற்று வெளியேற வழி கூடும், உடைவதும் குறையும்.

கொடுப்பதற்கு முன், எலாஸ்டிக்கைக் கோத்து ஒருமுறை முழுமையாக நிறுத்தி, உட்காரவைத்து, கையைக் கன்னம்வரை கொண்டுவந்து படமெடுங்கள். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கொக்கி மாட்டும் குறுக்குக்கம்பிக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்; பலரும் மறப்பது இதைத்தான். வார்ப்பு மூலத்தைவிட ஓரளவு சிறுத்தே வரும் என்பதால், கண்ணுக்கும் காலணிக்கும் இப்போதே அளவெடுத்து வாங்கிவிடாதீர்கள். பிறகு ஒவ்வொரு பாகத்தின் உட்புறத்திலும், கிண்ணத்துக்குள் அல்ல, எலாஸ்டிக் வழியின் விளிம்பை ஒட்டி, ஊசியால் இடதுக்கு 'இ' என்றும் வலதுக்கு 'வ' என்றும் கீறுங்கள். தலையின் உள்ளே, மூடி மறைக்கும் இடத்தில், உங்கள் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும் எழுதுங்கள். கீறலின் ஓரத்தில் எழும் பிசிறை 1000 எண் உப்புத்தாளால் தட்டிவிட்டு, அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு காப்புப்பூச்சு கொடுத்து, ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே மென்துணியில் சுற்றி, விரல்கள் எதன்மீதும் சாயாதபடி பெட்டியில் வையுங்கள்.